வீட்டுப் பட்டியலே இல்லாத ஊரில் சர்வே எடுப்பது எப்படி?

கேள்வி: சோமாலியாவில் அரசுப் புள்ளியியல் அலுவலகத்துக்கு உதவும் ஒரு திட்டத்தில் சேர்ந்திருக்கிறேன். குடும்பச் செலவு சர்வே எடுக்க வேண்டும். மாதிரி எடுக்க வீட்டுப் பட்டியல் எதுவும் இல்லை. சென்சஸ் முடியும்வரை காத்திருப்பதா?

பதில்: காத்திருக்க வேண்டாம். அங்கே 1975 சென்சஸ் முடிவுகள் வெளிவந்தன, எண்பதுகளில் எடுத்தது முழுமையாக வெளிவரவே இல்லை, 1991-ல் அரசே சரிந்துவிட்டது. நாடாளுமன்ற இடங்களை நான்கு பெரிய குலங்களுக்குச் சமமாகவும், மற்ற எல்லாருக்கும் சேர்த்து அதில் பாதியாகவும் பிரிக்கிற ஏற்பாடு நடப்பில் இருக்கும் நாட்டில் தலை எண்ணுவது நேரடியாக அதிகாரப் பங்கீட்டில் கைவைப்பது. சூடானில் 2008 சென்சஸ் தெற்கில் சுமார் 82 லட்சம் பேர், அதாவது ஐந்தில் ஒரு பங்கு, என்று சொன்னதும் தெற்குத் தலைவர்கள் ஏற்க முடியாது என்றார்கள். புது அலுவலகம் முதல் வேலையாகவே இந்தச் சண்டையில் சிக்க வேண்டுமா?

சரி, மாதிரிக்கு வருவோம். ஐ.நா. மக்கள்தொகை நிதியம் 2014-ல் நடத்திய மதிப்பீட்டு சர்வே 1.23 கோடி பேர் என்று சொன்னது; பகுதிவாரியாக அதை அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம். அதற்குள் வீட்டைத் தேர்வு செய்வதில்தான் சிக்கல். வழக்கமாக முதல் நாள் பகுதி முழுக்க நடந்து வீடுகளைப் பட்டியலிட்டு, இன்னொரு நாள் போய்ப் பேட்டி எடுப்போம். தலைநகர் மொகதிசுவில் ஒருவர் டேப்லெட்டோடு நாள் முழுக்கத் தெருத்தெருவாக நடந்தால், வரி போட வந்தவரா, உளவு பார்க்கிறவரா என்ற சந்தேகம்தான் முதலில் வரும். அதனால் உலக வங்கி அங்கே சர்வே எடுத்தபோது, செயற்கைக்கோள் படத்தை வைத்துப் பகுதியைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, அதில் தேர்வான துண்டை மட்டும் பட்டியலிட்டு, அப்போதே பேட்டியையும் முடிக்கும் முறையைக் கையாண்டது. இதில் ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: துண்டில் எத்தனை கட்டடம், கட்டடத்தில் எத்தனை குடும்பம் என்பதைக் கணக்கெடுப்பாளர் கட்டாயம் பதிய வேண்டும். அது இல்லையென்றால் எடைக்கணக்கு, அதாவது பேட்டி எடுத்த ஒவ்வொரு வீடும் எத்தனை வீடுகளுக்குப் பிரதிநிதி என்ற கணக்கு, போடவே முடியாது, அப்புறம் எடுத்த பேட்டி வீண்தான்.

நாடோடி மேய்ப்பர்களை விட்டுவிடலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். 2014 மதிப்பீட்டில் அவர்கள் நான்கில் ஒரு பங்கு. வறண்ட பருவத்தில் ஒட்டகத்தோடு கிணற்றுக்கோ குளத்துக்கோ வந்தே ஆக வேண்டும் என்பதால், நீர்நிலைகளின் பட்டியலிலிருந்து மாதிரி எடுப்பதே வழி. ஆனால் இரண்டு நீர்நிலைக்குப் போகும் குடும்பம் மாதிரியில் சிக்க இரட்டை வாய்ப்பு. ஆகவே எடைக்கணக்கில் அதைச் சரிசெய்ய "வேறு எங்கெல்லாம் தண்ணீர் காட்டுவீர்கள்?" என்ற கேள்வியைப் படிவத்தில் சேருங்கள்.

பேட்டி நீளம்? நூற்றுக்கணக்கான பொருள்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க அங்கே பாதுகாப்பும் இருக்காது, யாருக்கும் பொறுமையும் இருக்காது. பெரும்பாலான வீடுகள் வாங்குவதை எல்லாரிடமும் கேளுங்கள். மிச்சத்தைச் சில தொகுதிகளாகப் பிரித்து வீட்டுக்கு ஒன்றை மட்டும் கேளுங்கள். கேட்காத பகுதியை மற்ற வீடுகளின் விடைகளை வைத்து மதிப்பிட்டு நிரப்பலாம். உலக வங்கியின் சர்வே இப்படித்தான் செய்தது. குலத்தைக் கேட்காதீர்கள், ஒரு நல்ல சர்வேயைக் கெடுக்க அந்த ஒரு வரி போதும்.

எனக்கு இதையெல்லாம்விடக் கவலை அலுவலகத்தைப் பற்றித்தான். 2020-ல் வந்த சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய புள்ளியியல் பணியகம் அது, வயது குறைவு. நன்கொடையாளர்கள் கூடுதல் சம்பளம் கொடுத்து, திட்டம் முடிந்ததும் கிளம்பிவிட்டால், பயிற்சி பெற்ற பிள்ளைகள் அடுத்த நாளே ஏதாவது ஐ.நா. அலுவலகத்தில் இருப்பார்கள். உங்கள் பட்ஜெட்டில் ஒரு பகுதியை மாதாமாதம் சந்தை விலை சேகரிக்கும் வேலைக்குத் திருப்ப முடியுமா பாருங்கள். சின்ன வேலைதான், ஆனால் வியாபாரியிலிருந்து அமைச்சகம்வரை எல்லாருக்கும் பயன்படும் எண், அலுவலகம் தானே வெளியிடுகிற எண். அப்புறம், மூலத் தரவும் எடைக்கணக்கின் நிரல்களும் அவர்கள் கணினியில் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். நீங்கள் கிளம்புவதற்கு முன் அவர்களில் இரண்டு பேராவது அதை முதலிலிருந்து ஓட்டி அதே விடையைக் கொண்டுவரட்டும்.