டெக்சஸ் சிற்றூரில் கிடைத்த விவாகரத்து: சான்றிட்ட நகலை யாரிடம் கேட்பது?

கேள்வி: என் மகள் கணவருடன் டெக்சஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் ஒரு சிற்றூரில் வசித்தாள். 2018இல் அங்கேயே விவாகரத்து ஆனது. வழக்குத் தொடுத்தவர் மருமகன். மகள் இப்போது எங்களோடு திருப்பூரில் இருக்கிறாள், மறுமணம் நிச்சயமாகியிருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் தீர்ப்பின் அசலைக் கேட்கிறார்கள். எங்களிடம் இருப்பது முதல் பக்கத்தைக் கைப்பேசியில் எடுத்த படம் மட்டுமே. அன்றைய வழக்கறிஞர் பதில் தருவதில்லை. அமெரிக்கத் தூதரகம் வழியாக வாங்கித் தருவதாகச் சொல்லும் முகவர் ஒருவர் 65,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். அமெரிக்காவில் விவாகரத்து மாநிலச் சட்டத்தின்கீழ் நடப்பது. தூதரகத்திடம் அந்த ஆவணம் இல்லை, அதை வரவழைத்துத் தருவது அதன் வேலையும் இல்லை. நீதிபதி கையெழுத்திட்ட அசல் எப்போதும் நீதிமன்றக் கோப்பிலேயே இருக்கும். வெளியே வருவது சான்றிட்ட நகல் மட்டுமே; சார்பதிவாளர் ‘அசல்’ என்று கேட்பதும் அதைத்தான்.

டெக்சஸில் 254 கவுண்டிகள் உள்ளன; கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவு. விவாகரத்துக் கோப்பு, வழக்கு நடந்த கவுண்டியின் ‘டிஸ்ட்ரிக்ட் கிளார்க்’, அதாவது நீதிமன்றக் கோப்புகளைக் காக்கும் அதிகாரி, அலுவலகத்தில் இருக்கும். பெயரில் கவுண்டி என்று இருப்பதை நம்பி ‘கவுண்டி கிளார்க்’ அலுவலகத்துக்கு எழுதுபவர்களே அதிகம். அங்கே திருமண உரிமங்களும் நிலப் பத்திரங்களும்தான் இருக்கும், உங்கள் கடிதம் பல வாரங்கள் கழித்துத் திரும்பி வரும். திருமணம் நடந்த கவுண்டிக்கு எழுதுவது இன்னொரு வீண் வேலை. தம்பதியரில் ஒருவராவது மாநிலத்தில் ஆறு மாதமும் அந்தக் கவுண்டியில் 90 நாளும் வசித்திருந்தால் அங்கே வழக்குத் தொடுக்கலாம் என்பதே டெக்சஸ் சட்டம். ஆகவே வழக்குத் தொடுத்தபோது மருமகன் எங்கே குடியிருந்தார் என்பதையும் பார்க்க வேண்டும்.

உங்களிடம் இருக்கும் கைப்பேசிப் படம் அற்பமானதன்று. டெக்சஸ் தீர்ப்பின் தலைப்பு ஒரே அமைப்பில் இருக்கும். மேலே வழக்கு எண். இடப்பக்கம் இன்னாருக்கும் இன்னாருக்கும் நடந்த திருமணம் குறித்து என்ற வாசகம். நடுவில் சட்டப் பிரிவைக் குறிக்கும் வளைந்த குறி ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையாக நிற்கும். வலப்பக்கம் நீதிமன்றம், நீதித்துறை மாவட்டத்தின் எண், கவுண்டியின் பெயர். படத்தைப் பெரிதாக்கி, வழக்கு எண்ணையும் கவுண்டியின் பெயரையும் எழுத்துக்கு எழுத்து குறித்துக்கொள்ளுங்கள். நீதித்துறை மாவட்ட எண்ணைப் பிடித்துக்கொண்டு தேடாதீர்கள். மக்கள் குறைந்த பகுதிகளில் ஒரே நீதிபதி பல கவுண்டிகளுக்குப் பொறுப்பாக இருப்பார். எடுத்துக்காட்டாக 39ஆவது நீதித்துறை மாவட்டத்தில் ஹாஸ்கல், கென்ட், ஸ்டோன்வால், த்ராக்மார்ட்டன் என நான்கு கவுண்டிகள் அடங்கும். நீதிபதி ஒருவர், கோப்பறைகள் நான்கு.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மகளின் வழக்கு அதற்குள் விழக்கூடும். மக்கள்தொகை 8,000க்கும் குறைவான கவுண்டியில் இரு பதவிகளையும் ஒரே கிளார்க் வகிக்க டெக்சஸ் அரசமைப்பு இடம் தருகிறது. அப்படிப்பட்ட இடத்தில் டிஸ்ட்ரிக்ட் கிளார்க் என்று தனியாகத் தேடினால் யாரும் அகப்படமாட்டார். அதைப் பார்த்துவிட்டு, இங்கே நீதிமன்றமே இல்லை போலிருக்கிறது என்று எண்ணி அடுத்த பெரிய கவுண்டிக்கு எழுதிவிடுகிறார்கள். நீதிமன்றம் இருக்கிறது, கோப்பும் இருக்கிறது, பதவிப் பெயர்தான் ‘கவுண்டி அண்ட் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்’ என்று சேர்ந்திருக்கும். திருமண உரிமமும் விவாகரத்துத் தீர்ப்பும் அங்கே ஒரே கூரையின்கீழ் இருப்பதால், கடிதத்தில் விவாகரத்தின் இறுதித் தீர்ப்பாணை வேண்டும் என்று தெளிவாக எழுதாவிட்டால் திருமண உரிமத்தின் நகலை அனுப்பிவிடக்கூடும். மாறாக, 8,000க்கு மேற்பட்ட கவுண்டியில் பொதுவாக இரு அலுவலகங்களும் தனித்தனியே இயங்கும். ஒன்றுக்கு வந்த கடிதத்தை மற்றதற்கு நகர்த்துவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

வழக்கு எண் படத்தில் தெளியவில்லை என்றால் பெயரைக் கொண்டு தேட வேண்டும், அங்கேதான் நம் பெயர்கள் படுத்தும் பாடு. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் மட்டும் இருந்து இயற்பெயர் காலியாக இருந்தால், அமெரிக்க ஆவணத்தில் இயற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில், முதற்பெயர் தெரியவில்லை என்பதைக் குறிக்கும் ‘எஃப்என்யூ’ என்ற மூன்றெழுத்து ஏறிவிடும். மனைவியின் பெயருக்குப் பின்னால் கணவரின் பெயர், கணவரின் பெயருக்குப் பின்னால் அவருடைய தந்தையின் பெயர் என்று இருப்பதால், ஒரே குடும்பத்தில் இருவருக்கு இரண்டு குடும்பப் பெயர்கள் அமைந்துவிடுகின்றன. மகள் பெயர், மருமகன் பெயர், இருவரின் தந்தையர் பெயர் ஆகியவற்றை, முன்பின்னாக மாற்றியும், ஆங்கிலத்தில் எழுதக்கூடிய எல்லா விதங்களிலும் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். முதலெழுத்தை மட்டும் போட்டு அனுப்பினால், இல்லை என்ற பதில்தான் வரும்.

மாநிலத் தலைநகர் ஆஸ்டினிலேயே கேட்டுவிடலாமே என்பீர்கள். 1968 முதலான விவாகரத்துகளின் விவரங்கள் மாநிலச் சுகாதாரத் துறையின் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவிடம் உண்டு. 20 டாலர் கட்டினால், இன்னாருக்கும் இன்னாருக்கும் இன்ன கவுண்டியில் இன்ன நாளில் விவாகரத்து ஆனது என்று ஒரு கடிதம் தருவார்கள். தீர்ப்பின் நகலைத் தரமாட்டார்கள், அந்தக் கடிதம் நகலுக்கு ஈடாகவும் ஆகாது. எல்லா விவரங்களையும் திரட்டி வைத்துக்கொண்டு, ‘ஆம், நடந்தது’ என்று மட்டும் சொல்ல ஓர் அலுவலகம்! எந்தக் கவுண்டி என்றே தெரியாதவருக்கு அது உதவும், உங்களுக்குத் தேவைப்படாது. அரசுச் சின்னம் போன்ற ஒன்றை முகப்பில் வைத்து ‘விவாகரத்து ஆவணத் தேடல்’ என்று மாதச் சந்தா வாங்கும் இணையதளங்கள் விற்பது இந்தக் கடிதத்தின் அளவுக்கும் பெறாத வெற்று விவரப் பட்டியல். அட்டை எண்ணை அங்கே பதியாதீர்கள்.

ஆகவே தொலைபேசியை எடுத்துக் கவுண்டியின் கிளார்க் அலுவலகத்தையே அழையுங்கள். டெக்சஸின் பெரும்பகுதியில் காலை எட்டு மணி என்பது நமக்குக் கோடையில் மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. விவாகரத்துக் கோப்பு அங்கே பொதுவாகப் பொது ஆவணம். நகல் கேட்க மகளின் அதிகாரப் பத்திரம் எதுவும் வேண்டியதில்லை. மூன்றைக் கேளுங்கள்: தீர்ப்பு மொத்தம் எத்தனை பக்கம், சான்றிட்ட நகலுக்கு மொத்தக் கட்டணம் எவ்வளவு, பணத்தை எந்த வழியில் ஏற்பார்கள். இந்தியக் காசோலை அங்கே செல்லாது. திருப்பி அனுப்ப அமெரிக்க அஞ்சல்தலை ஒட்டிய உறை கேட்கக்கூடும் என்பதால், அமெரிக்காவில் இருக்கும் உறவினர் ஒருவரின் முகவரியைப் பயன்படுத்துவதே எளிது. சொத்துப் பிரிவினையும் சேர்ந்திருந்தால் தீர்ப்பு பல பத்துப் பக்கங்களுக்கு நீளும். முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் போதும் என்று சொல்லிச் செலவைக் குறைக்கும் முகவர்கள் உண்டு. ஒரு பக்கமும் விடாமல் முழுத் தீர்ப்பையும், அதுவும் இரண்டு படிகளாக வாங்குங்கள்.

நகல் கையில் வந்த பிறகு அதற்கு ‘அப்போஸ்டில்’ முத்திரை வேண்டும்; ஆவணத்தில் உள்ள கையெழுத்து மெய்யானது என்று வெளிநாடு ஏற்பதற்கான சான்று அது. அப்போஸ்டில் முறையை வகுத்த ஹேக் உடன்படிக்கை 2005 முதல் இந்தியாவுக்கும் பொருந்துவதால், இந்தியத் துணைத் தூதரகத்தின் மேலொப்பம் தேவையில்லை. டெக்சஸ் ஆவணத்துக்கு அப்போஸ்டில் தருபவர் ஆஸ்டினில் உள்ள மாநிலச் செயலர். கட்டணம் ஆவணத்துக்கு 15 டாலர். வாஷிங்டனில் உள்ள வெளியுறவுத் துறை மத்திய அரசின் ஆவணங்களுக்கு மட்டுமே தரும். முகவர்களின் பெரிய தந்திரம் இந்த இடத்தில்தான். கவுண்டிக்குப் போகாமலே, உங்களிடம் இருக்கும் சாதாரண நகலோடு ஒரு நோட்டரியின் தாளை இணைத்து, அந்த நோட்டரியின் கையெழுத்துக்கு அப்போஸ்டில் வாங்கிவிடுவார்கள். தங்கநிற முத்திரையும் நாடாவும் இருக்கும், பார்க்கக் கம்பீரமாகவே இருக்கும். ஆனால் அது மெய்ப்பிப்பது நோட்டரியின் கையெழுத்தை மட்டுமே, தீர்ப்பை அன்று. அப்போஸ்டில் தாளில் கையெழுத்திட்டவர் என்ற இடத்தில் கவுண்டியின் கிளார்க் பெயர் இருக்கிறதா, நோட்டரியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். நோட்டரியின் பெயர் இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

எல்லாப் பக்கங்களும் வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் வழக்குத் தொடுத்தவர் மருமகன் என்பது. நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 13ஆம் பிரிவும், 1991இல் நரசிம்ம ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், மனைவி கலந்துகொள்ளாமல் வெளிநாட்டில் பெற்ற விவாகரத்தை எளிதில் ஏற்பதில்லை. மகள் முன்னிலையானாரா, தீர்ப்பின் வடிவத்துக்கும் உள்ளடக்கத்துக்கும் சம்மதித்துக் கையெழுத்திட்டாரா என்பவை தொடக்கப் பத்திகளிலும் கையெழுத்துப் பக்கத்திலும் தெரியும். கையெழுத்து இல்லையென்றால், மறுமணத் தேதியை அச்சிடுவதற்கு முன் குடும்ப வழக்கறிஞர் ஒருவரிடம் அந்த நகலைக் காட்டுங்கள்.

இறுதியாக, ஜெராக்ஸ் கடையில் கவனம். சான்றும் அப்போஸ்டிலும் நகலோடு சேர்த்துப் பின் அடிக்கப்பட்டிருக்கும். தாள்களைச் சமமாக வைத்து எடுப்பதற்காகக் கடைப் பையன் பழக்கதோஷத்தில் அந்தப் பின்னை நெம்பி எடுத்துவிடுவான். பின் துளை இரண்டாகத் தெரிந்தால் தாள் மாற்றப்பட்டதோ என்று அலுவலகத்தில் சந்தேகிப்பார்கள். மூலையை மடக்கிப் பிடித்தபடி எடுக்கச் சொல்லுங்கள், அல்லது இரண்டாவது படியை மட்டும் கடைக்குக் கொண்டுபோங்கள்.