கொடுவா மீனுக்கு எட்டடித் தூண்டில் கோல் வேண்டாம்

வணக்கம். பழவேற்காட்டில் படகிலிருந்து கொடுவாவுக்கு டாப்வாட்டர் (நீர்மேல் மிதக்கும் செயற்கை இரை), ஜெர்க்பெய்ட் (சுண்டி இழுக்கும் மீன்வடிவச் செயற்கை இரை) இரண்டையும் வீச ஒரே கோல் போதுமா, எட்டடிக் கோல் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஒரே கோல் போதும், எட்டடி வேண்டாம். இவ்விரு செயற்கை இரைகளையும் கோலின் நுனியைத் தாழ்த்திச் சுண்டிச் சுண்டி இயக்க வேண்டியிருப்பதால், நீளக்கோலின் நுனி தண்ணீரில் அடிபடும், மணிக்கட்டும் விரைவில் ஓய்ந்துவிடும். 6 அடி 6 அங்குலம் முதல் 6 அடி 10 அங்குலம் வரையுள்ள மீடியம் பவர் (நடுத்தர வலிமை) கோலே ஏற்றது. மிக விறைப்பான கோலையும் தவிர்த்துவிடுங்கள், ஏனெனில் கொடுவா துள்ளித் தலையை உதறும்போது கோல் வளைந்து கொடுக்காவிட்டால் மும்முனைக் கொக்கி வாயிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்துவிடும். பின்னல் நரம்பின் (இழைகளைப் பின்னிய தூண்டில் நரம்பு) முனையில் தடித்த நைலான் நரம்பைக் கட்டுங்கள்; ஃப்ளூரோகார்பன் நரம்பு மூழ்குவதால் மிதக்கும் இரையின் மூக்கைக் கீழே இழுக்கும் (இதை நான் தாமதமாகத்தான் கற்றேன்).