ஸ்பானிஷ் நிகழ்காலத்தில் சில வினைகளின் அடி மட்டும் ஏன் மாறுகிறது? எப்படி நினைவில் வைப்பது?

‘முடியும்’ என்ற பொருளுள்ள ‘பொதேர்’, ‘யோ’வோடு (நான்) வரும்போது ‘புவேதொ’ ஆகிறது. ‘நொஸோத்ரொஸ்’ (நாங்கள்) வந்தால் ‘பொதேமொஸ்’ என்று மாறாமல் நிற்கிறது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பாடநூல்கள் மாறுகிற நான்கு வடிவங்களைச் சுற்றி பூட்ஸ் மாதிரி ஒரு கோடு போட்டுக் காட்டும். எவை மாறும் என்று அந்தப் படம் சொல்லும், ஏன் என்று சொல்லாது. காரணம் அழுத்தம்தான். தமிழில் எந்த அசையை அழுத்திச் சொன்னாலும் சொல்லின் பொருள் மாறாது. அதனால் நம் காது அதைக் கவனிக்கப் பழகவில்லை.

இந்தப் பதிலில் ஸ்பானிஷ் சொற்களில் அழுத்தம் விழும் உயிரை நெடிலாகவும் மற்றவற்றைக் குறிலாகவும் எழுதியிருக்கிறேன். நான், நீ, அவர், நாங்கள், நீங்கள், அவர்கள் என்ற வரிசையில் வாய்விட்டுப் படியுங்கள்: புவேதொ, புவேதெஸ், புவேதெ, பொதேமொஸ், பொதேய்ஸ், புவேதென். அழுத்தம் அடியில் விழும் நான்கிலும் ‘ஒ’ உடைந்து ‘உவே’ ஆகிறது. ‘பொதேமொஸ்’, ‘பொதேய்ஸ்’ இரண்டிலும் அழுத்தம் விகுதிக்குப் போய்விடுவதால் அடி அப்படியே இருக்கிறது. அர்ஜென்டினாவில் ‘தூ’வுக்கு (நீ) பதில் ‘போஸ்’ என்பார்கள். அதற்கு வரும் வடிவம் ‘பொதேஸ்’: அழுத்தம் கடைசியில், எனவே மாற்றம் இல்லை. பூட்ஸ் படத்தை நம்பினால் இது விதிவிலக்கு. அழுத்தத்தைக் கேட்டால் அதே விதி.

லத்தீனின் குறில் எ, ஒ இரண்டும் அழுத்தம் பெற்ற இடத்தில் ஸ்பானிஷில் ‘இயே’, ‘உவே’ என்று பிளந்தன. வினைக்கு வெளியேயும் இதைப் பார்க்கலாம்: 7 ‘ஸியேத்தெ’, 70 ‘ஸெத்தேன்த’, 9 ‘நுவேபெ’, 90 ‘நொபேன்த’.

எந்த வினை மாறும் என்பதை மட்டும் அதன் மூல வடிவத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ‘கெரேர்’ (விரும்பு) ‘கியேரொ’ ஆகும். ‘தெபேர்’ (வேண்டும்) வெறும் ‘தேபொ’தான், ஏனென்றால் லத்தீனில் அங்கே இருந்தது நெடில். ஆகவே புது வினை ஒன்றைப் படிக்கும்போதே ‘யோ’ வடிவத்தையும் ‘நொஸோத்ரொஸ்’ வடிவத்தையும் ஜோடியாக மனப்பாடம் செய்யுங்கள்: துவேர்மொ – தொர்மீமொஸ் (தூங்கு), பியேன்ஸொ – பென்ஸாமொஸ் (நினை), பீதொ – பெதீமொஸ் (கேட்டு வாங்கு). மீதி நான்கும் தானாக வரும். பட்டியலை நீட்டவும் வேண்டாம். ‘பெதீர்’ தெரிந்தால் ‘தெஸ்பெதீர்’ (வழியனுப்பு) தெரியும். ‘பொல்பேர்’ (திரும்பி வா) தெரிந்தால் ‘தெபொல்பேர்’ (திருப்பிக் கொடு) தெரியும்.

பீதொ போல ‘எ’ நேராக ‘இ’ ஆவது ‘இர்’ என்று முடியும் வினைகளில் மட்டுமே. ‘உ’ ‘உவே’ ஆவது ‘ஹுகார்’ (விளையாடு) ஒன்றில்தான்: ஹுவேகொ.

அதிகம் நடக்கும் பிழை, விதி தெரிந்த உற்சாகத்தில் ‘புவெதேமொஸ்’ என்று சொல்வது. அடுத்தது, அடியில் இரண்டு ‘எ’ இருந்தால் முதலாவதை மாற்றிவிடுவது. மாறுவது விகுதிக்கு முந்தைய உயிர்தான்: ‘எம்பெஸார்’ (தொடங்கு) – எம்பியேஸொ, ‘ப்ரெஃபெரீர்’ (அதிகம் விரும்பு) – ப்ரெஃபியேரொ. ‘தெனேர்’ (வைத்திரு), ‘பெனீர்’ (வா) இரண்டும் ‘யோ’வில் வேறு வழி போகும்: தேங்கொ, பேங்கொ. மற்ற இடங்களில் தியேனெஸ், பியேனெஸ் என்று வழக்கம்போலத்தான்.

ஒரு எச்சரிக்கை. இந்த அழுத்த விதி நிகழ்கால வடிவங்களுக்குத்தான் முழுதாகப் பொருந்தும். ‘இர்’ வினைகளில் அழுத்தம் இல்லாத இடத்திலும் வேறு சில வடிவங்களில் உயிர் மாறும்: ‘தூங்கிக்கொண்டு’ என்பது ‘துர்மியேந்தொ’, ‘தொர்மியேந்தொ’ அல்ல. நிகழ்காலம் நாக்கில் பழகிய பிறகு அதைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் படித்தால் குழம்பும்.