இருட்டியதும் இணைப்பை இழக்கும் கேமரா

கேள்வி: வீட்டு வாசலுக்கு மேலே பொருத்திய வைஃபை கேமரா முதல் ஆறு மாதம் ஒரு குறையுமின்றி ஓடியது. இப்போது தினமும் இருட்டத் தொடங்கியதும் செயலியில் ‘ஆஃப்லைன்’ என்று காட்டுகிறது. இரண்டொரு நிமிடத்தில் தானாகவே திரும்பி வருகிறது. விடிவதற்குள் இப்படிப் பத்துப் பன்னிரண்டு முறை நடக்கிறது. பகலில் தொல்லையே இல்லை. கேமரா விற்றவர் ரவுட்டரை மாற்றச் சொல்கிறார். இணைய இணைப்புத் தருபவர் கேமராதான் பழுது என்கிறார். நான் எதை மாற்றுவது?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் மாற்ற வேண்டாம். பகலில் ஒழுங்காக இருந்து இருட்டியதும் தடுமாறும் கேமராவில் முதலில் சந்தேகிக்க வேண்டியது வைஃபையை அல்ல. அதற்கு மின்சாரம் கொண்டுபோகும் அடாப்டரையும் கேபிளையும்தான்.

வெளிச்சம் குறைந்ததும் கேமரா இரவுப் பார்வைக்கு மாறும். அருகில் நின்றால் உள்ளே ‘டிக்’ என்று ஒரு சிறு ஓசை கேட்கலாம். லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே இருக்கும் அகச்சிவப்பு வடிகட்டி விலகும் ஓசை அது. அதோடு லென்ஸைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்குவதால், கேமரா பகலில் இழுப்பதைவிடக் கணிசமாக அதிக மின்னோட்டத்தை இழுக்கிறது. அந்தக் கூடுதல் சுமையைத் தாங்க முடியாத அளவுக்கு அடாப்டர் தளர்ந்திருந்தாலோ, கேபிள் மெலிதாகவும் நீளமாகவும் இருந்தாலோ, கேமராவுக்கு வந்துசேரும் மின்னழுத்தம் சரிந்து, கேமரா அணைந்து மறுபடி தொடங்குகிறது. நாம் பார்ப்பது செயலியில் வரும் ‘ஆஃப்லைன்’ என்ற சொல்லை மட்டும்தான் என்பதால் பழி வைஃபையின் மேல் விழுகிறது.

கேபிளின் பங்கு எவ்வளவு என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். 0.32 மில்லிமீட்டர் விட்டமுள்ள செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம் மின்தடை உண்டு. மெலிந்த யுஎஸ்பி கேபிள்களுக்குள் இருப்பது இத்தகைய கம்பிதான். 5 மீட்டர் கேபிள் என்றால் மின்சாரம் போய்த் திரும்ப 10 மீட்டர், அதாவது 2.1 ஓம். அதில் அரை ஆம்பியர் ஓடினால் ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேல் வழியிலேயே தொலைகிறது. அடாப்டரில் 5 வோல்ட்டாகப் புறப்பட்டது கேமராவை அடையும்போது 4 வோல்ட்டை ஒட்டித்தான் இருக்கும். பெட்டியில் வந்த கேபிள் எட்டவில்லை என்று தனியாக வாங்கிய நீளக் கேபிளையோ நடுவில் ஒட்டுப்போட்ட கேபிளையோ நீங்கள் பயன்படுத்தியிருந்தால், கதை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். ஆறு மாதம் ஓடியதே என்று கேட்பீர்கள். தொடக்கத்திலேயே விளிம்பில் நின்றுகொண்டிருந்த ஏற்பாடு அது. வெயிலும் மழையும் பட்டு இணைப்பு முனையில் பச்சை பூத்தாலோ, அடாப்டர் கொஞ்சம் வலுவிழந்தாலோ விளிம்பைத் தாண்டிவிடும்.

ஊகத்தை உறுதிப்படுத்த மூன்று வழிகள் இருக்கின்றன; எதற்கும் செலவில்லை. கேமராவில் மெமரி கார்டு இருந்து, தொடர் பதிவும் இயங்கிக்கொண்டிருந்தால், ‘ஆஃப்லைன்’ என்று காட்டிய அந்த நிமிடங்களின் பதிவைப் பாருங்கள். பதிவு அறுபடாமல் இருந்தால் கேமரா விழித்தேதான் இருந்திருக்கிறது, போனது இணைப்பு மட்டும். அங்கே ஓர் இடைவெளி இருந்தால் கேமராவே அணைந்து எழுந்திருக்கிறது. உங்களுடையது தலை திருப்பும் வகையாக இருந்தால் இன்னும் எளிது: இத்தகைய கேமராக்களில் பல, மின்சாரம் வந்ததும் ஒருமுறை முழுவதுமாகத் தலையை இருபுறமும் திருப்பிப் பார்த்துக்கொள்ளும். யாரும் தொடாமலேயே இரவில் அது அப்படித் தலையாட்டினால் வைஃபையைத் தாராளமாக விடுவித்துவிடலாம். மூன்றாவதாக, செயலியில் இரவுப் பார்வையை ஓர் இரவு மட்டும் அணைத்து வையுங்கள். படம் இருட்டாகத்தான் இருக்கும். ஆனால் இணைப்பு விடியும்வரை நிலைத்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது.

சரிசெய்யும்போது, கேமராவின் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் அதே வோல்ட் அளவுள்ள அடாப்டரையே வாங்குங்கள். ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. 5 வோல்ட் கேமராவில் 12 வோல்ட் அடாப்டரைச் செருகினால் கேமரா உடனே கருகிவிடக்கூடும். அடாப்டரிலிருந்து நீளக் கேபிள் இழுப்பதைவிட, மின்பணியாளரை வைத்துக் கேமராவுக்கு அருகில், மழை படாத இடத்தில், ஒரு பிளக் பாயின்ட் அமைத்துக் குட்டைக் கேபிளால் இணைப்பதே நிலையான தீர்வு.

கேள்வி: எங்கள் கேமராவுக்கு நேரம் காலம் இல்லை, பகலிலும் இரவிலும் இணைப்புப் போகிறது. மெமரி கார்டில் பதிவு முழுமையாக இருக்கிறது. அண்மையில்தான் புதிய ரவுட்டர் வைத்தோம். கேமரா இருப்பது இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம். சிக்னலைப் பெருக்கும் எக்ஸ்டெண்டர் வாங்கினால் போதுமா?

பதில்: பதிவு முழுமையாக இருப்பதால் உங்களுடையது உண்மையாகவே வைஃபைக் குறைதான். ஆனாலும் எக்ஸ்டெண்டர் வாங்கும் முன் கேமராவைக் கழற்றிக்கொண்டுவந்து, ரவுட்டர் இருக்கும் அறையிலேயே ஒரு முழு நாள் ஓடவிடுங்கள். அங்கும் அறுந்தால் தூரமும் கதவும் காரணமல்ல, எக்ஸ்டெண்டர் வாங்கி ஒரு பயனும் இல்லை; ரவுட்டரின் அமைப்புகளில்தான் கைவைக்க வேண்டும்.

வீட்டுக் கேமராக்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே பேசும். புதிய ரவுட்டர்களோ 2.4, 5 ஆகிய இரண்டையும் ஒரே பெயரில் காட்டி, எந்தக் கருவி எதில் இணைவது என்பதைத் தாமே தீர்மானிக்க முயலும். அந்த இழுபறியில் சில கேமராக்கள் உதிர்ந்துவிடுகின்றன. ரவுட்டரில் 2.4 அலைவரிசைக்குத் தனிப் பெயர் கொடுத்து, கேமராவை அதில் மட்டும் இணையுங்கள். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 என்று இருந்தால் டபிள்யூபிஏ2 ஆக மாற்றிப் பாருங்கள். பழைய கேமராக்களுக்குப் புதியது புரிவதில்லை. சேனலை, அதாவது அலைவரிசைக்குள் இருக்கும் தனித்தனிப் பாதையை, தானியங்கியாக விடாமல் 1, 6, 11 ஆகிய மூன்றில் அக்கம்பக்கத்து வைஃபைகள் குறைவாகப் பயன்படுத்துவதைத் தேர்ந்தெடுங்கள், 2.4 அலைவரிசையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சேர்ந்து இயங்கக்கூடியவை இந்த மூன்றும்தான். சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாக வையுங்கள். கேமராவுக்கென ஓர் ஐபி முகவரியை (வீட்டு வலையில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்) ரவுட்டரிலேயே ஒதுக்கிவிட்டால், முகவரி மோதலால் அறுபடும் வாய்ப்பும் நீங்கும்.

ரவுட்டர் அறையில் நாள் முழுதும் ஒழுங்காக ஓடி, பழைய இடத்தில் மட்டும் அறுந்தால், அப்போது கதவைக் குறை சொல்லலாம். சிக்னல் வலிமையைக் காட்டும் வசதி கேமராவின் செயலியில் இருக்கிறதா என்று தேடுங்கள். அந்த எண் எதிர்மறையில் இருக்கும். பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 60 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அலகு) வரை கவலையில்லை, மைனஸ் 70-ஐத் தாண்டினால் தள்ளாட்டம், மைனஸ் 80-இல் நிலைத்த இணைப்பை எதிர்பார்க்கக் கூடாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர்தான் என்பதால், இரும்புக்கு அருகில் கேமராவை ஒரு சாண் நகர்த்தினாலே அந்த எண் குறிப்பிடத்தக்க அளவு மாறக்கூடும். துளையிடும் கருவியை எடுக்கும் முன் கேமராவைக் கையில் பிடித்து நான்கைந்து இடங்களில் அளந்து பாருங்கள்.

அதன் பிறகும் தேவைப்பட்டால் எக்ஸ்டெண்டர் வாங்கலாம். பலரும் அதைக் கேமராவின் அருகிலேயே செருகிவிட்டு, செயலியில் சிக்னல் கோடுகள் நிறைந்திருப்பதைப் பார்த்து மகிழ்கிறார்கள். ரவுட்டரின் சிக்னல் ஏற்கெனவே நலிந்துபோன இடத்தில் வைத்த எக்ஸ்டெண்டர் அந்த நலிவைத்தான் பெருக்கித் தரும். அதற்குரிய இடம் ஏறத்தாழ பாதி வழி.

கேள்வி: ஆறு முறை ரீசெட் செய்தும் பயனில்லாததால் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்க நினைக்கிறேன். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: சுவரில் துளையிட்டுக் கேபிள் இழுக்க முடியுமானால் வைஃபையையே விட்டுவிடுங்கள் என்பதுதான் என் பரிந்துரை. லான் கேபிள் வழியாகவே மின்சாரத்தையும் பெறும் பிஓஇ வகைக் கேமராக்கள் இருக்கின்றன, இதற்கான 802.3ஏஎஃப் தரநிலை 2003-இலேயே வந்துவிட்டது. ஒரே கேபிள் 100 மீட்டர் வரை படத்தையும் மின்சாரத்தையும் கொண்டுபோகும். அடாப்டர், சிக்னல் இரண்டு தலைவலியும் ஒன்றாகத் தீரும். கேபிள் இழுக்க வழியில்லையென்றால், 5 கிகாஹெர்ட்ஸும் ஏற்பதாகவும், மெமரி கார்டில் தானே பதிவு செய்வதாகவும், மாதச் சந்தா கட்டாமலே பழைய பதிவைப் பார்க்க விடுவதாகவும் உள்ள ஒன்றைத் தேடுங்கள்.

திருப்பிக் கொடுப்பதற்கு முன், ‘அடிக்கடி அறுகிறது’ என்று பொதுவாகச் சொல்லாமல், எந்தெந்தத் தேதியில் எத்தனை மணிக்கு அறுந்தது என்று ஒரு வாரக் குறிப்பும், ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்தபோதும் அறுந்ததைக் காட்டும் கைப்பேசிப் பதிவும் கையில் வைத்திருங்கள். உங்கள் வீட்டு வைஃபைதான் காரணம் என்ற பதில் அதன்பின் எடுபடாது. கொடுக்கும் நாளில் மெமரி கார்டைக் கழற்றிக்கொண்டு, செயலியில் உங்கள் கணக்கிலிருந்தும் கேமராவை நீக்கிவிடுங்கள். பெட்டிக்குள் போகிற கேமராவோடு உங்கள் வாசலின் படங்களும் சேர்ந்து போக வேண்டியதில்லை.