பட்டாவிலிருந்து பெயரைத் தூக்கிவிட்டார்கள், நேராக உச்ச நீதிமன்றம் போகலாமா?

சிவகங்கை மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அப்பா 1988-ல் சொந்தக் காசில் கிரயம் வாங்கிய ஒன்றரை ஏக்கர் நஞ்சை இருக்கிறது. 2019-ல் அவர் உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். அம்மா, அண்ணன், இவர் என மூன்று வாரிசுகள், அப்பாவைப் பெற்ற பாட்டி இப்போது இல்லை. போன மாதம் ஆன்லைனில் சிட்டா எடுத்துப் பார்த்தால் அண்ணன் பெயர் மட்டும் நிற்கிறது. தாலுகா ஆபீசிலிருந்து இவருக்கு ஒரு நோட்டீஸ்கூட வரவில்லை. முதல்வருக்கும் பிரதமருக்கும் மனு அனுப்பியாயிற்று. "சொத்துரிமை அடிப்படை உரிமை, நேரா டெல்லிக்குப் போ" என்கிறாராம் ஓர் உறவினர்.

டெல்லிக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். அந்த உறவினர் சொன்னது ஒரு காலத்தில் சரி. சொத்துரிமை அடிப்படை உரிமைகள் பகுதியில்தான் இருந்தது, 1978-ல் கொண்டுவந்த அரசியலமைப்பின் 44-வது திருத்தம் அதை அங்கிருந்து எடுத்து 300ஏ என்ற தனிப் பிரிவாக வைத்துவிட்டது, 1979 ஜூன் 20 முதல் அது அமலில் இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தை நேரடியாக அணுக வழிவிடும் 32-வது பிரிவு அடிப்படை உரிமைகளுக்கு மட்டும்தான். சமத்துவம், 14-வது பிரிவு என்று எதையாவது கோர்த்து மனு போட்டாலும், உயர் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம். அதோடு 300ஏ அரசைப் பார்த்துப் பேசும் பிரிவு, சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக்கூடாது என்கிறது. உங்கள் அண்ணன் அரசு கிடையாது.

பிரதமருக்குப் போட்ட மனுவை மறந்துவிடுங்கள். நிலமும் நில ஆவணங்களும் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில், மாநில அரசின் அதிகாரங்களைச் சொல்லும் மாநிலப் பட்டியலில் இருப்பவை, 18-வது இனமும் 45-வது இனமும். முதல்வருக்கு எழுதியது தவறில்லை, ஆனால் அது மேலிருந்து கீழே இறங்கி இறங்கிக் கடைசியில் பட்டாவை மாற்றிய அதே தாசில்தார் மேஜைக்குத்தான் வரும்.

சரி, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட், அதாவது அரசு அதிகாரியின் உத்தரவை நேரடியாக எதிர்க்கும் மனு, போடலாமா? 226-வது பிரிவில் உயர் நீதிமன்றத்தின் அதிகாரம் 32-ஐ விட அகலமானது, அடிப்படை உரிமை மீறப்பட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. சிவகங்கை மாவட்டம் 2004-லிருந்து மதுரைக் கிளையின் எல்லைக்குள்தான் வருகிறது. 1983-ஆம் ஆண்டு பட்டா பாஸ்புக் சட்டப்படி, பதிவை மாற்றுவதற்கு முன் பாதிக்கப்படுகிறவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அது இயற்கை நீதிக்கு விரோதம், மேல்முறையீட்டுக்கு வழி இருந்தும்கூட ரிட்டை எடுத்துக்கொள்ள அது ஒரு காரணம்.

ஆனால் ஜெயித்தால் கையில் என்ன கிடைக்கும் என்று பாருங்கள். பெரும்பாலும், "உத்தரவு ரத்து, இரு தரப்பையும் விசாரித்து இத்தனை வாரத்துக்குள் புது உத்தரவு போடு" என்று வரும். அதாவது மறுபடியும் தாலுகா ஆபீஸ். அதற்கு ஆகும் வக்கீல் ஃபீஸை நினைத்தால், பட்டா பாஸ்புக் சட்டத்தின் 12-வது பிரிவில் ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) மேல்முறையீடு செய்வது எவ்வளவோ மேல். அங்கேயும் நடக்கவில்லை என்றால் 13-வது பிரிவில் டி.ஆர்.ஓ.விடம் (மாவட்ட வருவாய் அலுவலர்) சீராய்வு. கால வரம்பு உண்டு, ஆற அமரப் போகாதீர்கள். எந்த ஆவணத்தை வைத்து அண்ணன் பெயருக்கு மாற்றினார்கள், உங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியதாகக் கோப்பில் இருக்கிறதா என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இன்றைக்கே கேளுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

இத்தனையும் பட்டாவுக்காக. நிலம் யாருடையது என்பதைப் பட்டா தீர்மானிக்காது, அது வருவாய்த் துறையின் பதிவு, அவ்வளவுதான். ஆர்.டி.ஓ.வோ டி.ஆர்.ஓ.வோ உரிமையைத் தீர்த்துச் சொல்ல முடியாது, அது சிவில் நீதிமன்றத்தின் வேலை. உங்கள் குடும்பத்துக்கு 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும், அப்பாவின் சுய சம்பாத்தியம் என்பதால், பாட்டி அப்பாவுக்கு முன்பே காலமாகியிருந்தால், மூவருக்கும் சம பங்கு, ஆளுக்கு ஐம்பது சென்ட். மகள்களுக்குப் பங்கு 1989-ல் வந்ததா 2005-ல் வந்ததா என்று ஊரில் நடக்கும் வாதமெல்லாம் பூர்வீகச் சொத்துக்கு, உங்களுக்கு அது தேவையே இல்லை.

அதனால் நான் உங்கள் வக்கீலாக இருந்தால் ஆர்.டி.ஓ. மேல்முறையீட்டோடு சேர்த்துப் பாகப்பிரிவினை வழக்கும் போட்டுவிடுவேன். அம்மாவையும் அண்ணனையும் பிரதிவாதிகளாகக் காட்ட வேண்டும், அம்மாவை எதிர்த்து வழக்கா என்று பதற வேண்டாம், பங்குதாரர் எல்லோரும் வழக்கில் இருக்க வேண்டும் என்பது நடைமுறை, அவர் பங்கையும் கோர்ட் சொல்லும். விற்கக்கூடாது என்று இடைக்காலத் தடையும் கேளுங்கள். தடை கிடைக்கத் தாமதமானாலும், வழக்கு நடக்கும்போது நிலத்தை வாங்குகிறவர் சொத்து மாற்றுச் சட்டம் 52-வது பிரிவின்படி தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர். தாசில்தாரையும் பிரதிவாதியாகச் சேர்ப்பதென்றால் இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டியிருக்கும், பாகம் கேட்பதற்கு அவர் தேவையில்லை, விட்டுவிடுங்கள்.

பணம் பிரச்சினை என்றால் தாலுகா கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. தாய்ப்பத்திரம், வாரிசுச் சான்றிதழ், பழைய சிட்டா, கிஸ்தி ரசீது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

அப்புறம் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். அவருடைய ஐம்பது சென்ட்டை அண்ணன் செட்டில்மென்ட்டாகவோ விடுதலைப் பத்திரமாகவோ எழுதி வாங்கிவிட்டால் அந்தப் பங்கு அண்ணனுக்குப் போய்விடும், அதைத் திருப்புவது வேறொரு பெரிய வழக்கு. மாதம் ஒருமுறை வில்லங்கம் போட்டுப் பாருங்கள், பதிவுத் துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.