டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்தது எந்த நாளில்?

சினைப்பைக் கட்டி பற்றி வந்த கடிதங்களும் என் பதில்களும்.

வயது 26. பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு இருக்கிறது. சிஆர்பி 4 என்று வந்திருக்கிறது. நீர்க்கட்டிகள் பழுத்துவிட்டனவா?

இல்லை. உங்கள் ஸ்கேனில் தெரிபவை கட்டிகளே அல்ல, பாதியில் வளர்ச்சி நின்ற முட்டைப்பைகள். அவை பழுக்காது. சிஆர்பி என்பது உடலில் எங்கே அழற்சி இருந்தாலும் ரத்தத்தில் ஏறும் ஒரு புரதம். 4 என்பது பெரும்பாலும் உடல் எடையின் கணக்கு. எடையைத்தான் நீங்கள் எழுதவே இல்லை. கருத்தடை மாத்திரை சாப்பிட்டாலும் சிஆர்பி கொஞ்சம் ஏறும்.

போன மாதம் சிஆர்பி 9. கஷாயம் குடித்தேன், வேறு லேபில் பார்த்தால் 0.9! தொடரலாமா?

இரண்டு ரிப்போர்ட்டையும் அனுப்பியதற்கு நன்றி. அலகைப் படித்தீர்களா? முதல் லேப் லிட்டருக்கு மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது, இரண்டாவது டெசிலிட்டருக்கு. ஆக 9, 0.9 இரண்டும் ஒன்றுதான். கஷாயம் ஒன்றும் செய்யவில்லை.

சினைப்பையில் 3.5 செ.மீ. சாதாரண நீர்க்கட்டி. ஈஎஸ்ஆர் 42. ஹீமோகுளோபின் 8.5. வயது 29. கட்டியால்தான் ஈஎஸ்ஆர் ஏறியதா?

ஈஎஸ்ஆரும் அழற்சியைக் காட்டும் ரத்த டெஸ்ட்தான், ஆனால் ரத்தசோகை இருந்தாலே அது ஏறும். ஹீமோகுளோபின் 8.5 என்றால் ரத்தசோகைதான், முதலில் அதைப் பாருங்கள். இந்த அளவுக் கட்டி இரண்டு மூன்று மாதவிலக்கில் பெரும்பாலும் தானே கரைந்துவிடும்.

வயது 31. பேக்கேஜ் டெஸ்டில் சிஏ-125 அளவு 58. சாக்லேட் கட்டியும் (சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிய கட்டி) இருக்கிறது. கேன்சரா? சினைப்பையை எடுத்துவிடலாமா?

எத்தனை தடவைதான் எழுதுவது! சிஏ-125 என்பது சினைப்பைக் கேன்சரில் ரத்தத்தில் ஏறும் ஒரு புரதம்; ஆனால் கேன்சருக்கு மட்டும் ஏறுவதில்லை. சாக்லேட் கட்டி, கருப்பையில் வரும் ஃபைப்ராய்டு கட்டி, இடுப்புக்குள் கிருமித்தொற்று, வயிற்றுக் காசநோய், கர்ப்பத்தின் முதல் மாதங்கள் என எல்லாவற்றிலும் நார்மல் வரம்பான 35-ஐத் தாண்டலாம். வயிற்றுக்குள் உறுப்புகளைப் போர்த்தியிருக்கும் சவ்வு எரிச்சல் கண்டாலே போதும். மாதவிலக்கு நாட்களில் ரத்தம் கொடுத்தாலும் ஏறும். நீங்கள் எந்த நாளில் கொடுத்தீர்கள்? லேபிலும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் சிவப்பு மையில் "ஹை" என்று மட்டும் அடித்துக் கொடுப்பார்கள். போன மாதம் என்னிடம் வந்த ஒரு பெண் அப்படி ஒரு ரிப்போர்ட்டை மாமியாருக்குத் தெரியாமல் நாலாய் மடித்து மணிபர்ஸில் வைத்திருந்தாள். பத்து நாள் தூங்கவில்லையாம். மாதவிலக்கு முடிந்து திரும்ப எடுத்தால் 24. எந்தத் தொந்தரவும் இல்லாத இளம்பெண்ணுக்கு இந்த டெஸ்டைப் பேக்கேஜில் சேர்ப்பதே தப்பு. நார்மல் என்று வந்தாலும் நிம்மதி இல்லை: முதல் கட்டச் சினைப்பைப் புற்றுநோயில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு இது ஏறுவதே கிடையாது. மாதவிலக்கு நின்றவர்களுக்குக் கட்டி இருந்தால் இந்த எண்ணுக்கு மதிப்பு வேறு. அவர்கள் அலட்சியமாக இருக்கக் கூடாது. உங்கள் கேஸில் ஸ்கேன்தான் பேசும். வலி எவ்வளவு, குழந்தை வேண்டுமா என்பதை வைத்து மகப்பேறு மருத்துவர் முடிவு செய்வார். ஒற்றை எண்ணுக்காகச் சினைப்பையைக் கொடுத்துவிடாதீர்கள்.

மனைவிக்கு 7 செ.மீ. கட்டி. நேற்றிலிருந்து ஒரு பக்கம் சுருக்கென்று வலி, வாந்தி. சிஆர்பி நார்மல்தான். காத்திருக்கலாமா?

கூடாது. கட்டியோடு சினைப்பை முறுக்கிக்கொண்டால் ஆரம்பத்தில் சிஆர்பி நார்மலாகவே இருக்கலாம். ரத்த ஓட்டம் நின்றால் சினைப்பையே போய்விடும். இதற்குப் போய்க் கடிதம் எழுதிக்கொண்டிருந்தீர்களா? கிடைத்த வண்டியில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள், வழியில் எதுவும் சாப்பிடக் கொடுக்காமல்.