நாய்க்கு வலிப்பு வந்தால் முதலில் மணிக்கூட்டைப் பாருங்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடியில் மூன்றாம் மாடி. 4 வயது, 12 கிலோ நாய். 2 மாதத்தில் 3 தடவை வலிப்பு வந்துவிட்டது. என்ன செய்யலாம்?

பொறுத்துப் பார்க்கும் கட்டம் தாண்டிவிட்டது. 6 மாதத்துக்குள் 2 தடவை வந்தாலே நாளாந்த மருந்தைத் தொடங்குவதுதான் இன்றைய வழமை. இந்த வாரமே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். அதற்கு முன்பே, இன்றிரவே, இன்னொன்று வரக்கூடும்; அதனால் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நாய் சரிந்ததும் மணிக்கூட்டைப் பாருங்கள். கால்கள் விறைக்கும், பிறகு நீந்துவதுபோல் அடிக்கும், தாடை கடகடவென்று ஆடும், நுரை தள்ளும், சலம் போய்விடும். பார்க்கிறவருக்கு நெஞ்சு பதறும், அரை மணித்தியாலம் போலத் தெரியும். உண்மையில் பெரும்பாலும் 1 முதல் 3 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அந்த நேரத்தில் நாய்க்கு நினைவில்லை, நோவும் தெரியாது. ஆனால் 5 நிமிடம் ஆகியும் நிற்கவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம், உடனே வைத்தியரிடம் கொண்டு போங்கள். உடம்புச் சூடு ஏறி மூளை பழுதாகும். ஒன்று முடிந்து நினைவு திரும்புமுன் அடுத்தது வந்தாலும், 24 மணித்தியாலத்துக்குள் இரண்டாவது வந்தாலும் அதே அவசரம்தான்.

வாய்ப் பக்கம் கையைக் கொண்டு போகாதீர்கள். நாய் நாக்கை விழுங்காது. உங்கள் விரல்தான் போகும். சாவிக்கொத்து, இரும்பு வைப்பதால் ஒரு பயனும் இல்லை. தண்ணீர் பருக்குவது எல்லாவற்றிலும் மோசம், நேரே நுரையீரலுக்குப் போய்விடும். செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: கதிரை, மேசையைத் தள்ளுங்கள், துவாயை மடித்துத் தலைக்குக் கீழே செருகுங்கள், பல்கனிக் கதவையும் படிக்கட்டுப் பக்கக் கதவையும் மூடுங்கள், டீவியையும் லைட்டையும் நிறுத்தி ஃபேனைப் போடுங்கள். கொழும்பு வெக்கையில் சூடு கெதியாக ஏறும். 2 நிமிடம் தாண்டினால் நனைத்த துவாயைத் தொடையிடுக்கிலும் பாதங்களிலும் வையுங்கள். யாராவது ஃபோனில் வீடியோ எடுக்கட்டும். இதயக் கோளாறில் மயங்கி விழுவதும் வலிப்புப் போலத் தெரியலாம்; ஆனால் அப்படி விழுகிற நாய் பெரும்பாலும் துவண்டு விழுந்து சில விநாடிகளில் எழும்பிவிடும். வாயால் விவரிப்பதைவிட அந்த வீடியோ வைத்தியருக்கு அதிகம் சொல்லும்.

முடிந்த பிறகு சில நிமிடங்களோ சில மணித்தியாலங்களோ கண் தெரியாததுபோல் சுவரில் முட்டும், உங்களையே அடையாளம் தெரியாமல் உறுமும். கட்டிப்பிடிக்காதீர்கள். பசி வெறியாக இருக்கும். ஆனால் நேராக நடக்கும்வரை சோறு வைக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும்.

6 மாதத்துக்கும் 6 வயதுக்கும் இடையில் முதல் வலிப்பு வந்து, இரத்தப் பரிசோதனையும் வழமையாக இருந்தால், பெரும்பாலும் அது வேறு காரணம் தெரியாத, பரம்பரையாக வரக்கூடிய வகை. ஆனால் உண்ணிக் காய்ச்சல், டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய், பூச்சிமருந்து நஞ்சு, ஈரல் கோளாறு, இரத்தத்தில் சீனி குறைவு ஆகியவை இல்லை என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். உண்ணிக்குக் குளிசை கொடுக்கிறீர்களா? ப்ரவெக்டோ, நெக்ஸ்கார்ட், சிம்பாரிகா போன்றவை சில நாய்களில் வலிப்பைத் தூண்டலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2018-இல் எச்சரித்தது. பெயரைக் கட்டாயம் வைத்தியரிடம் சொல்லுங்கள், அவர் வேறு வழி தருவார். விசர் நோயிலும் வலிப்பு வரலாம்; அதனால் விசர்நாய் ஊசி போடாத நாய் என்றால் எச்சிலைத் தொடவே வேண்டாம். கடித்திருந்தால் சவர்க்காரமும் தண்ணீரும் விட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மருந்தென்று பார்த்தால், வழமையான முதல் தெரிவு ஃபெனோபார்பிட்டோன். ஒரு கிலோவுக்கு 2 முதல் 3 மில்லிகிராம், 12 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. உங்கள் 12 கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் 30 மில்லிகிராம் குளிசை ஒன்று காலையிலும் ஒன்று இரவிலும் வரும். அளவை வைத்தியர்தான் முடிவு செய்வார். முதல் 2 வாரம் நாய் தள்ளாடும், தூங்கி வழியும், தண்ணீரும் சாப்பாடும் நிறையக் கேட்கும். பயந்து நிறுத்திவிடாதீர்கள். பெரும்பாலான வீடுகளில் தவறு நடப்பது இங்கேதான். இரத்தத்தில் அளவு நிலைக்கவே சுமார் 14 நாள் பிடிக்கும், அப்போதுதான் அளந்து பார்க்க முடியும். ஒரு மில்லிலீட்டருக்கு 15 முதல் 35 மைக்ரோகிராம் என்ற எல்லைக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் ஈரலுக்கு ஆபத்து கூடும். 6 மாதத்துக்கு ஒரு தடவை ஈரல் பரிசோதனை. வலிப்பு நின்றுவிட்டதே என்று ஒரேயடியாக விட்டால், திரும்பி வருவது முன்னையதைவிடப் பொல்லாததாக இருக்கக்கூடும். ஒரு வேளை தப்பிவிட்டால் நினைவு வந்ததும் கொடுங்கள், இரட்டிப்பாக்க வேண்டாம். வலிப்பு அடியோடு நிற்காவிட்டாலும் இடைவெளி நீண்டால் அது மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். போதாவிட்டால் பொட்டாசியம் புரோமைட் அல்லது லெவெடிராசெட்டம் சேர்ப்பார்கள். புரோமைட் கொடுக்கும் நாட்களில் கருவாடு, உப்புச் சாப்பாடு கொடுத்தால் மருந்தளவு குழம்பும்.

5 நிமிட அவசரத்துக்கு, ஆசனவாய் வழியாகக் கொடுக்கும் டயஸெபாமை எழுதித் தர முடியுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். தந்தால், ஊசியைக் கழற்றிய சிரிஞ்சில் மெல்லிய குழாய் பொருத்தி எப்படிக் கொடுப்பதென்று அவர் முன்னாலேயே பழகுங்கள். சிரிஞ்சில் முன்கூட்டியே ஏற்றி வைக்க வேண்டாம். மருந்து பிளாஸ்டிக்கில் ஒட்டி வீரியம் குறையும். உடைக்காத கண்ணாடி ஆம்பியூலாகவே, வெளிச்சம் படாமல் வையுங்கள்.

குளிசை முடிய 10 நாள் இருக்கும்போதே அடுத்த துண்டை எழுதி வாங்குங்கள். துண்டில்லாமல் பாமசியில் தரமாட்டார்கள். தீபாவளிக்கும் டிசம்பர் 31 இரவுக்கும் வெடிச் சத்தம் தொடங்குமுன் நாயை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். குளிசை டப்பாவோடு ஒரு கொப்பியும் இருக்கட்டும்: திகதி, தொடங்கிய நேரம், எத்தனை நிமிடம், அன்றைக்கு என்ன சாப்பிட்டது, மருந்து தப்பியதா.